சிவலை நாம்பன் முட்டிய கன்னம்

என் வலது கன்னத்தில் மாடு முட்டியது என்று ஊருக்கே தெரியும். சிவலை நாம்பன், செந்நிற இளங்காளை. ஒரு கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும். கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது, நான் பின்பக்கமாகப் போனேன், வெருண்டு திரும்பியது, அவ்வளவுதான். விசுவமடுவில் எங்களைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைக் கொம்பின் வளைவோடு சொல்வார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மாடே இருக்கவில்லை என்பதை மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை.

அண்ணாவுக்கும் எனக்கும் பிறகு அம்மா பெற்ற மூன்றாவது பிள்ளை அந்த மாடு. எங்களை வளர்த்ததை விடக் கவனமாக அதை வளர்த்தார். முதலில் வெறும் மாடு. பிறகு நிறம் வந்தது. பிறகு கொம்பு வளைந்தது. போன வருடம் யாரோ ஒரு மாமி கேட்டபோது, அதை நெடுங்கேணிப் பக்கத்து ஆள் ஒருவரிடம் வாங்கியதாக அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கு வாயில் இருந்த தேத்தண்ணீர் புரையேறிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். என் கன்ன எலும்புக்குள் இருப்பது ஒரு செல் துண்டு, வெடித்த எறிகணையின் இரும்பு. கடைசிச் சண்டையின்போது கடற்கரை மணலில், தறப்பாள் கூடாரங்களுக்கு நடுவே இருந்தோம். எனக்குப் பதினைந்து வயது, அண்ணாவுக்குப் பதினெட்டு. அப்பா நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அன்றைக்கு அம்மா கஞ்சி வாங்க வரிசைக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும் பங்கர் குழி வாசலில். "உள்ளை போடி" என்று அண்ணா என்னைத் தள்ளினார். விழுந்தது ஒரேயொரு செல். அதில் ஒரு சின்னத் துண்டு எனக்கு. மிச்சம் அண்ணாவுக்கு, முகத்தில். முகம் என்று சொல்ல அங்கே எதுவும் இருக்கவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு மருந்து கட்டுகிற இடத்துக்கு ஓடினார்கள். அதற்குப் பிறகும் அங்கே செல்கள் விழுந்து எல்லாவற்றையும் மணல் மூடிவிட்டதாம். அம்மா கஞ்சியோடு வந்தபோது அந்த இடத்தில் எங்கள் தறப்பாளும் இல்லை, பங்கரும் இல்லை, நாங்களும் இல்லை. அலைந்து திரிந்து என்னைக் கண்டுபிடித்தார். அண்ணாவை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நான் மறைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் முடிந்து முகாமுக்குள் போகிறபோது ஆமிக்காரர் வரிசையில் வைத்துக் காயங்களைப் பார்த்தார்கள். காயம் உள்ள பிள்ளைகளைப் போராளிகள் என்று சந்தேகித்துத் தனியே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று வரிசை முழுக்கக் குசுகுசுத்தது. "இது என்ன காயம்?" என்று என் கட்டைக் காட்டிக் கேட்டார்கள். அம்மா கண் இமைக்காமல், "மாடு முட்டினது ஐயா" என்றார். குண்டு மழைக்குள்ளிருந்து வந்தவளை மாடு முட்டியதாம்! கேட்டவருக்கும் களைப்பு, போங்கோ என்று கையைக் காட்டிவிட்டார். அப்படித்தான் மாடு பிறந்தது. அந்த ஒரு பொய்க்கு நான் இன்றைக்கும் அம்மாவின் காலில் விழுவேன்.

ஆனால் வீக்கம் வற்றி, வாய் திறந்து பேச முடிந்த முதல் நாளே நான் அம்மாவிடம் சொல்லப் போனேன். "அம்மா, அண்ணா என்ரை பக்கத்திலைதான்..." அவ்வளவுதான் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினார். "உனக்கு மாடு முட்டினது. அவன் எங்கையோ இருக்கிறான். விளங்குதே?" எனக்கு விளங்கியது. செல் என்றால் அண்ணா இல்லை. மாடு என்றால் அண்ணா எங்கேயோ இருக்கிறார். அதற்குப் பிறகு நான் மாட்டின் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் மூவருக்கும் ஒரே கன்ன எலும்பு. அம்மாவின் பரம்பரையிலிருந்து வந்தது. உயர்ந்து, அகன்று, சிரித்தால் கண்ணை மூடிவிடுகிற எலும்பு. அண்ணாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் அம்மா அந்த எலும்பைக் கொண்டுதான் தேடினார். பஸ்ஸில், சந்தையில், கோயில் தீர்த்தக்கரையில், கன்னம் உயர்ந்த ஆண்பிள்ளை யாரைக் கண்டாலும் எழும்பிப் போய், "தம்பி, எந்த இடம்? அம்மாவின்ரை பேர் என்ன?" என்று கேட்பார். முதலில் பதினெட்டு வயதுப் பெடியன்களைக் கேட்டார். பிறகு இருபத்தைந்து. இப்போது முன்தலை வழுக்கை விழத் தொடங்கிய ஆட்களைக் கேட்கிறார். வயதுக் கணக்கில் மட்டும் பிழை விடமாட்டார். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆத்திரமும் வரும். "சும்மா இருங்கோ அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்று சேலையைப் பிடித்து இழுப்பேன். பாவம், அந்த ஆட்களில் ஒருவர்கூட அம்மாவைத் திட்டியதில்லை. வன்னியில் அந்தக் கேள்வி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படியே போயிருக்கும். கண்தான் காட்டிக்கொடுத்தது. போன காலபோக நெல் விதைப்பு நேரம், கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க நிமிர்ந்து பார்த்தேன். ஒரு சட்டை இரண்டு சட்டையாகத் தெரிந்தது. நேரே பார்த்தால் ஒன்று, மேலே பார்த்தால் இரண்டு. பிறகு வலது பக்கத் தலையிடி. இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்வந்தேன். போகப் போகக் கீழே பார்த்தாலும் இரண்டு. ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை இல்லாத மேசையில் வைத்துக் கால் வெந்ததும், என் கணவர் சைக்கிளில் ஏற்றாத குறையாக என்னைக் கிளிநொச்சிக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார். அம்மாவும் வந்தார். ஆஸ்பத்திரிக்கு என்னைத் தனியே விடமாட்டார், அது அவருடைய சட்டம்.

டொக்டர் என் வயதுப் பெண். நல்ல பொறுமை. என் கன்னத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, தன் முகத்திலேயே விரலை வைத்து விளங்கப்படுத்தினார். நீங்களும் செய்து பாருங்கள். காதுக்கு முன்னால் விரலை வைத்து மெல்ல முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு சின்னப் பாலம் தட்டுப்படும். அந்தப் பாலம் வந்து முடிகிற மேடுதான் கன்ன எலும்பு.

"இது நாலு கால் உள்ள கதிரை மாதிரி" என்றார் டொக்டர். "ஒரு கால் நெத்தி எலும்பிலை. ஒரு கால் மேல்தாடையிலை. ஒரு கால் காதுப் பக்கம். நாலாவது உள்ளை, கண் குழிக்குள்ளை. கண் இருக்கிறதுக்கு அடியிலையும் ஓரத்திலையும் இந்த எலும்புதான் தாங்குது. உங்கடை கதிரை உடைஞ்சு, ஒருத்தரும் நிமித்தாமல் சரிஞ்சபடியே ஒட்டியிருக்குது. அப்ப என்ன நடந்தது?"

"மாடு முட்டினது டொக்டர்" என்றார் அம்மா. "சரியான பொல்லாத நாம்பன்."

நானும் தலையாட்டினேன். பழக்க தோசம்!

என் கன்னம் ஏன் மரத்துக் கிடக்கிறது என்பதையும் டொக்டர்தான் சொன்னார். கண்ணுக்குக் கீழே எலும்பில் ஒரு சின்னத் துளை இருக்கிறதாம். அதற்குள்ளால் வருகிற நரம்பு கன்னத்துக்கும் மூக்கின் ஓரத்துக்கும் மேலுதட்டுக்கும் மேல்வரிசைப் பல்லுக்கும் போகிறதாம். அது அறுந்தால் இத்தனையும் போய்விடும். சரிதான். மேலுதட்டில் சோறு ஒட்டியிருந்தால் எனக்குத் தெரியாது, கணவர்தான் விரலால் காட்டுவார். மழை தூறினால் இடது கன்னம் சொல்லித்தான் அறிவேன். கண்ணை அசைக்கிற தசை உடைந்த எலும்பில் மாட்டுப்பட்டிருக்கலாம், அல்லது உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம், பார்க்காமல் விட்டால் பார்வை போகவும் கூடும் என்று சொல்லி, வவுனியாவில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "செல் துண்டு எண்டு டொக்டரிட்டைச் சொன்னனீரே?"

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு எல்லாம் தெரியும். கலியாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன், அண்ணாவின் முகம் உட்பட.

"உமக்கென்ன விசரே? அந்த மெசின் முழுக்கக் காந்தம். எங்களோடை வேலை செய்யிறவருக்கு முதுகிலை துண்டு இருக்குதெண்டு ஸ்கான் எடுக்காமலே திருப்பி அனுப்பினவங்கள். முதுகிலை கிடக்கிறதுக்கே அப்பிடியெண்டா, கண்ணுக்குக் கீழை கிடக்கிற இரும்பை அது இழுத்தா என்ன நடக்கும்? கண் கெட்ட பிறகே சூரிய நமஸ்காரம்?"

"அம்மாவுக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது?"

அவர் திண்ணையில் குந்தினார். கொஞ்ச நேரம் காலைச் சொறிந்துகொண்டிருந்தார். "அவாவை வெளியிலை இருத்திப்போட்டு உள்ளை போய்ச் சொல்லும்" என்றார் கடைசியில். அவரையே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் ஸ்கானுக்குக் கிடைத்த அதே நாளில்தான் எங்கள் வயலுக்கு வெட்டு மெசின் வருகிற முறை. மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது. அந்த முறையை விட்டால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். எனவே நானும் அம்மாவும் போனோம்.

விசுவமடுவில் ஏறிப் பரந்தன் சந்தியில் பஸ் மாறினோம். வழி முழுக்க நான் ஒரே வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். செல் துண்டு இருக்குது. செல் துண்டு இருக்குது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் காணும், அம்மா வெளியே இருந்தால்.

ஸ்கான் எடுக்கிற இடத்தில் முதல் பிரச்சினை தாலியால் வந்தது. உடம்பில் நகை ஒன்றும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. கைப்பையிலிருந்து மஞ்சள் துண்டு கட்டிய மஞ்சள் கயிற்றை எடுத்தார். எனக்கே சொல்லாமல் வீட்டில் பூசை அறையில் வைத்து முடிந்து கொண்டு வந்திருக்கிறார். கயிற்றை முதலில் என் கழுத்தில் கட்டி, அதற்குப் பிறகுதான் தாலிக்கொடியைக் கழற்ற விட்டார். ஒரு கணம்கூட என் கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, உள்சட்டைக் கொளுக்கி என்று ஒவ்வொன்றாகத் தடவித் தேடிக் கழற்றினார். வெளியில் இருக்கிற இரும்பில் எவ்வளவு கவனம்!

"நீங்கள் இதிலை இருங்கோ அம்மா, நான் போட்டு வாறன்" என்றேன்.

"நகையை வைச்சிருக்கிறவா உள்ளை வரட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போச்சுடா என்று நினைத்தேன்.

மெசினுக்குப் பொறுப்பானவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வரிசையாகக் கேட்டார். இதயத்தில் ஏதும் பொருத்தியிருக்கிறதா, ஒப்பரேஷனில் தகடு வைத்தார்களா, வயிற்றில் பிள்ளை ஏதும் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு, "உடம்புக்குள்ளை இரும்புத் துண்டு, செல் துண்டு ஏதும்?"

நான் வாயைத் திறக்க முன், "இல்லைத் தம்பி" என்றார் அம்மா. "கன்னத்திலை இருக்கிறது மாடு முட்டின காயம்."

அவர் என் தழும்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ."

பக்கத்து அறையில் மெசின் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அம்மாமீது வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? என் கண் போனாலும் பரவாயில்லை, அவருக்கு மாடு வேண்டும். அந்தக் கோபத்தோடு திரும்பி அம்மாவைப் பார்த்தேன். என் தாலிக்கொடியையும் தோட்டையும் கைலேஞ்சித் துணியில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினார், சொல்லு, மாடு என்று சொல்லு என்பதுபோல. அந்த முகத்தில் ஒரு துளி கள்ளமும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா பொய் சொல்லவில்லை. மாட்டை நம்புகிறார்.

"செல் துண்டு இருக்குது அண்ணை" என்றேன். "வலது கன்னத்திலை."

"என்னடி சொல்லுறாய்? அது மாடு—"

"எங்களிட்டை எப்பயம்மா மாடு நிண்டது?"

கத்திவிட்டேன். வெளியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். நிறமும் கொம்பும் வாங்கிய இடமும் சொல்லத் தெரிந்த அம்மா, கைலேஞ்சிப் பொதியின் முடிச்சைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நல்ல காலம் தங்கச்சி" என்று மட்டும் அந்த அண்ணை சொன்னார். எங்களைப் பக்கத்தில் எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் படம் வந்தது. அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண் குழிகள் இரண்டும் கறுப்பாக, இடது கன்ன எலும்பு அழகாக வளைந்து, வலது எலும்பு கோணலாக. கோணிய இடத்தில், கண் குழியின் அடி விளிம்போடு ஒட்டினாற்போல், ஒரு குறுணல் அரிசி அளவில் பளிச்சென்று வெள்ளையாக ஒன்று கிடந்தது. இவ்வளவு காலமும் அதை நான் சுமந்தேனே தவிரக் கண்டதில்லை. இவ்வளவு சின்னதா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இந்த ஸ்கான் எடுக்கவே கூடாது, டொக்டரிடம் படத்தைக் காட்டுங்கோ, அவ வேறு வழி பார்ப்பா என்று சொல்லி அனுப்பினார். அம்மா படத்தைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்தார். தன் கன்னத்தில் அதே இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என் தாலிக்கொடியை மறுபடி போட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கழற்றினார்.

திரும்புகிற பஸ்ஸில் அம்மாவுக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஓமந்தையும் தாண்டியது. நான் கத்திய கத்தலுக்கு, இந்த மனிசி இனி எழும்புமா, சாப்பிடுமா என்று பயந்துகொண்டிருந்தேன். மாங்குளத்தில் பஸ் நின்று கச்சான் கடலை விற்கிறவர் ஏறி இறங்கிப் போனார்.

"அந்த மாடு பாவமடி" என்றார் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்டும் செய்யாத சீவனை எவ்வளவு பேச்சுப் பேசிப்போட்டன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வெளிக்கிட்டது. மடியில் கிடந்த எக்ஸ்ரே உறையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே, வெளியே பார்த்தபடி அம்மா கேட்டார்.

"அவனுக்கு எங்கை பட்டது?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை காலம் பயந்து கிடந்தோம், அவர் கேட்க, நான் கேட்கப்பட.

"நெஞ்சிலை அம்மா."

"கனநேரம் கிடந்தவனே?"

"இல்லை. உடனை."

"முகம்?"

"முகத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடந்தவர்."

உடனே என்றது மட்டும்தான் உண்மை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். அதை நான் என் அம்மாவிடம்தான் படித்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா தெரியாது. "காணும், இனிச் சொல்லாதை" என்றார். சேலைத் தலைப்பை எடுத்து என் வலது கன்னத்தைத் துடைத்தார். அங்கே கண்ணீர் ஓடியிருப்பதை, அவர் துடைத்த துணி நனைந்ததைக் கண்டுதான் நான் அறிந்தேன்.

கிளிநொச்சியில் கூட்டம் ஏறியது. எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்தலை கொஞ்சம் ஏறியிருந்தது. கன்னம் இரண்டும் உயர்ந்து, அகன்று, எங்கள் வீட்டு எலும்பு. நிமிர்ந்து பார்த்த எனக்கு அவர் இரண்டு பேராகத் தெரிந்தார். அம்மாவும் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். தம்பி, எந்த இடம் என்ற கேள்விக்காக நான் காத்திருந்தேன். இந்த முறை சேலையைப் பிடித்து இழுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மா எக்ஸ்ரே உறையை நிமிர்த்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு யன்னல் பக்கமாக ஒதுங்கினார். என்னையும் இழுத்து ஒதுக்கினார்.

"தம்பி, இந்த நுனியிலை இருங்கோ. இடம் கிடக்குது" என்றார்.

பிறகு வெளியே திரும்பிக்கொண்டார். பரந்தனில் இறங்கும்வரை அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.